உள்ளரங்கப் பந்தாட்டச் சங்கங்கள்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது நம்மவர் பழமொழி. வாணிபத்திற்கு இஃது அத்துணைப் பொருந்துவதன்று. எதிர்க்கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டால் இவன் கடையில் கூட்டம் பெருகும். விளையாட்டிற்கோ இது முற்றும் பொருந்தும். எதிர்க்குழு கலைந்துபோனால் வென்ற குழுவிற்கும் வேலையில்லை. அங்ஙனமாயின், விளையாட்டையே வாணிபமாக நடத்துவோர் இவ்விரு நியாயங்களுள் எதனைக் கைக்கொள்ளுதல் வேண்டும்? இவ்வினாவை ஆராய்வோர்க்கு அமெரிக்க ஐக்கிய நாட்டு உள்ளரங்கப் பந்தாட்டச் சங்கங்களின் வரலாற்றினும் தெளிவான பாடம் வேறொன்று கிடைத்தல் அரிது என்பது எம் கருத்து. அதனை நம் கலாசாலை அன்பர்களுக்குச் சுருங்கச் சொல்லுதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

‘புட்பால்’ என்றவுடன் நம் மாணவர் காலால் உதைத்தாடும் பந்தையே நினைப்பர். அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும், எதிராளிகளை மோதி வீழ்த்தியும், திறந்தவெளியில் பக்கத்திற்குப் பதினொருவராக அவர்கள் அதனை ஆடுவர். இவ்வாட்டத்தைக் கூரையின் கீழ்க் கொணர்ந்து அதற்கொரு நிலையான சங்கம் கண்டவர் ஜிம் பாஸ்டர் என்பவர். 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நியூயார்க்கு நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் உள்ளரங்க உதைபந்தாட்டம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தபோது, கூரைக்குள் உதைபந்து ஆடக்கூடுமாயின் நம் ஆட்டம் ஏன் கூடாது என்று எண்ணிக் கையிலிருந்த உறையின்மேல் புதிய களத்தின் படத்தை அவர் வரைந்தனராம். பனித்தரை ஹாக்கிக்கென எழுந்த அரங்குகளில் அடங்குமாறு 50 கஜ நீளமும் 85 அடி அகலமும் உள்ள களம், பக்கத்திற்கு எண்மர், எல்லையில் மெத்தை பொதிந்த சுவர், இரு கோடிகளிலும் கம்பங்களின் இருமருங்கே உயர்ந்த வலைகள், அவ்வலைகளில் மோதித் திரும்பும் பந்து ஆட்டத்தில் உள்ளதே யாகும். இவையே அவர் வகுத்த விதிகளுட் சிறந்தவை. 1986-இல் இல்லினாய் மாநிலத்து ராக்போர்டு நகரில் சோதனையாட்டம் நிகழ்ந்தது. 1987-இல் சிக்காகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன் என்னும் நான்கு நகரங்களின் குழுக்களோடு ‘அரீனா புட்பால் லீக்’ என்னும் சங்கம் பிறந்தது.

1990-இல் பாஸ்டர் தம் ஆட்டமுறைக்குக் காப்புரிமை பெற்றார். எனவே 2007-இல் அவ்வுரிமை காலாவதியாகுமளவும் பிறர் அவ்வலைகளைப் பயன்படுத்துதல் இயலாதாயிற்று. ஆயினும் வலைக்கு உரிமை பெறலாம். ஊர்களுக்கு உரிமை பெறுவார் யார்? ஹாக்கிப் பருவம் முடிந்ததும் வெறிதே கிடக்கும் அரங்கங்கள் அந்நாட்டுச் சிறு நகரங்களிற் பல. சுருட்டி விரிக்கும் செயற்கைப் புல்தரையும், மெத்தைச் சுவரும், இருபது முப்பது ஆட்டக்காரரும் இருப்பின் ஒரு குழு எழுந்துவிடும். தொடங்குதல் எளிதாயிருந்தமையால் வலையில்லாத போட்டிச் சங்கங்கள் பல தோன்றின. தொடங்குதல் எளிதாயிருந்தமையாலேயே அவற்றுட் பல விரைவில் முறிந்தன.

2001-இல் தோன்றிய ‘நேஷனல் இண்டோர் புட்பால் லீக்’ 2007-ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்ந்தது. அதனின்று விலகிய உரிமையாளர் சிலர் 2005-இல் ‘யுனைடெட் இண்டோர் புட்பால்’ என்னும் சங்கத்தை நிறுவினர். டெக்ஸாஸ் பக்கத்தில் ‘இண்டென்ஸ் புட்பால் லீக்’ என்பதொன்று நடைபெற்று வந்தது. அரீனாச் சங்கமும் சிறு நகரங்களை விட்டுவைக்க மனமின்றி, 2000-இல் ‘அரீனா புட்பால் டூ’ என்னும் இளைய சங்கத்தைத் தொடங்கிற்று. முதலாண்டில் 15 குழுக்கள். 2002-இல் 34 குழுக்கள். 2009-க்குப் பின் அச்சங்கமே இல்லை. அகலக்கால் வைத்தல் என்று நம் முன்னோர் கூறியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மூத்த சங்கத்தின் கதையும் அத்தகையதே. 2003 முதல் 2006 வரை ‘என்.பி.சி.’ தொலைக்காட்சி நிலையத்தார் அதன் ஆட்டங்களை நாடெங்கும் காட்டினர். 2008-இல் 17 குழுக்கள் ஆடின. ஓராட்டத்திற்குச் சராசரி 12,000-க்கு மேற்பட்டோர் வந்தனர். இத்துணைக் கூட்டம் கண்டும் வரவு செலவிற்குப் போதவில்லை. பணமுடை நாடெங்கும் சூழ்ந்த அவ்வாண்டின் டிசம்பர் மாதத்தில், 2009-ஆம் ஆண்டுப் பருவம் நடைபெறாதென அறிவித்தனர். அடுத்த ஆண்டில் சங்கம் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை அடைந்தது. 2010-இல் புதிய உரிமையாளர் பழம்பெயரை மீட்டு மீண்டும் நடத்தினர். எனினும் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. 2017-இல் ஐந்து குழுக்களும் 2018-இல் நான்கு குழுக்களுமே எஞ்சின. 2019-இல் இரண்டாம் முறையும் சங்கம் மூடப்பட்டது.

நிற்க. இக்கதையில் மறுபக்கமும் ஒன்று உண்டு. 2008-இல் யுனைடெட் சங்கமும் இண்டென்ஸ் சங்கமும், தாம் பொருதுகொண்டிருப்பின் இரண்டும் அழியும் என்று உணர்ந்து, ஒன்றாய் இணைந்தன. அவ்விணைப்பாற் பிறந்து 2009 முதல் ஆடிவருவதே ‘இண்டோர் புட்பால் லீக்’. தொடக்கத்தில் அதற்கு நாடறிந்த பெயரிருந்ததில்லை, பெருந்தொலைக்காட்சி உடன்படிக்கையும் இருந்ததில்லை. ஆயினும் மூத்த சங்கம் தேயத் தேய, அதன் சிறந்த குழுக்கள் இதனையே நாடி வந்தன. 1992 முதல் அரீனாச் சங்கத்தில் ஆடிய அரிசோனா ராட்லர்ஸ் குழு 2016-க்குப் பின் அதனைவிட்டு நீங்கி இதிற் சேர்ந்து, 2017-இல் முதலாண்டிலேயே வெற்றிக்கோப்பையைக் கொண்டது. அதற்கு முன் ஆறாண்டுகள் தொடர்ந்து அக்கோப்பையை வைத்திருந்தது தெற்கு டக்கோட்டாவின் சூ பால்ஸ் என்னும் நடுத்தர நகரத்தின் குழு. பெருநகரத்துக் குழு சிறுநகரத்துக் குழுவை வெல்லப் பெருமுயற்சி செய்யவேண்டியிருந்தது என்பதே இச்சங்கத்தின் தன்மையை விளக்கும்.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் யாம் அயோவா மாநிலத் தலைநகராகிய டி மாயின் நகரில் தங்கியிருந்த காலை, அவ்வூர்ப் பார்ன்ஸ்டார்மர்ஸ் குழுவின் ஆட்டமொன்றைக் காணச் சென்றோம். கர்ட் வார்னர் என்னும் பெரும்புகழாளர் 1995 முதல் 1997 வரை ஆடிய குழு அது. பெருஞ்சங்கத்தில் இடம் கிடையாமையால் இரவில் மளிகைக் கடையில் பண்டங்களை அடுக்கி வந்த அவர், உள்ளரங்க ஆட்டத்தில் தேறி, 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்தவெளிப் பெருஞ்சங்கத்தின் இறுதியாட்டத்தில் சிறந்த வீரராக விளங்கினார். இவ்வரலாற்றை எம் அருகிலிருந்த முதியவர் ஒருவர் தம் மகனைப் பற்றிப் பேசுவார்போலப் பேசினார். ஓடிவந்த வீரனொருவன் சுவரைத் தாண்டி முதல் வரிசையில் வீழ, அங்கிருந்தோர் அவனைத் தாங்கி எழுப்பி முதுகில் தட்டி அனுப்பினர். ஆட்டம் முடிந்ததும் சிறுவர் களத்தில் இறங்கினர். வீரர் அவர்களுக்குக் கையொப்பமிட்டனர். அவருள் ஒருவரோடு சிறிது உரையாடினோம். ஓர் ஆட்டத்திற்குக் கிடைப்பது சில நூறு டாலர் என்றும், பருவம் முடிந்ததும் பண்டகசாலையில் சுமையேற்றும் வேலைக்குத் திரும்புவதாகவும் அவர் முகமலர்ச்சியோடே கூறினார். “பருவம் முழுதும் நடந்தால் போதும் ஐயா” என்ற அவர் சொல் எம் நெஞ்சில் தங்கியது.

அச்சொல்லின் பொருள் 2024-இல் நன்கு விளங்கிற்று. அரீனாச் சங்கத்தின் பெயரை மூன்றாம் முறை எழுப்பி, 16 குழுக்களோடு ஏப்ரல் மாத இறுதியில் ஆட்டம் தொடங்கினர். எதிர்பார்த்த பணம் வாராமையால் சில வாரங்களிலேயே குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மே மாதத்தில் தலைமை மாறிற்று. எஞ்சியோர் அரும்பாடுபட்டு ஜூலை மாதத்தில் இறுதியாட்டத்தை நடத்த, பில்லிங்ஸ் குழு ஆல்பனி குழுவை வென்றது. ஆனால் பருவத்தின் நடுவே தெருவில் விடப்பட்ட ஆட்டக்காரர்க்கு யார் விடை கூறுவார்? உறையுளும் ஊதியமும் ஒருங்கே இழந்தவர்க்குப் பழம்பெயரின் புகழால் ஆவதென்ன? எஞ்சிய குழுக்களிற் பல பின்னர்க் கூடி, ‘அரீனா புட்பால் ஒன்’ என்னும் புதிய சங்கத்தை அமைத்து 2025-இல் ஆடின.

இவ்விரு சங்கங்களுள் எதற்கு வருங்காலம் உண்டு என்று அன்பர் வினவலாம். வலையுள்ள ஆட்டமே காண்போர்க்கு விறுவிறுப்பு மிக்கது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் சங்கத்தை வாழ்விப்பது வலையன்று. குறித்த நாளில் குறித்த எதிர்க்குழு வந்து இறங்கும் என்ற உறுதியே அதனை வாழ்விப்பது. அவ்வுறுதியில் 2009 முதல் நிலைத்து நிற்கும் இண்டோர் சங்கம் முந்தியிருக்கிறது. ஆனால் 2025-இல் அதன் 14 குழுக்கள் கீழ்க்கரையில் ஜாக்சன்வில் முதல் மேற்கரையில் சான் டியாகோ வரை பரவியிருந்தன. மோட்டார் வண்டியில் ஓரிரவிற் செல்லத்தக்க தொலைவில் எதிரிகளை வைத்திருந்தமையே சிறு குழுக்களின் பலம். தொலைவு பெருகின் செலவு பெருகும். மூத்த சங்கம் வழுக்கிய இடம் இதுவே என்பதை இளைய சங்கம் மறவாதிருத்தல் நன்று.

நிலைத்தது சங்கமா, ஊரா என்று கேட்பின், ஊரே என்று விடை கூறுவோம். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரம் இறைச்சி வாணிபத்திற்குப் பெயர்பெற்றது. அதனால் தன் குழுவிற்கும் ‘பீப்’ என்றே பெயரிட்டது. 2000-இல் தோன்றிய அக்குழு முதலில் ஆடியது, இண்டோர் புட்பால் லீக் என்னும் இதே பெயர் பூண்டிருந்த பழைய சங்கத்தில். பின் 2001-இல் நேஷனல், 2005-இல் யுனைடெட், 2009-இல் இன்றைய இண்டோர் சங்கம், 2013-இலும் 2015-இலும் ‘சாம்பியன்ஸ்’ என்னும் பெயர்கொண்ட வேறிரு சங்கங்கள் என, பதினைந்தாண்டிற்குள் ஆறு சங்கங்களைக் கண்டது. ஒவ்வொரு சங்கம் முறிந்தபோதும் அரங்கிற்கு வரும் குடும்பங்கள் மாறவில்லை. சங்கம் மேலே கட்டிய பந்தல்; ஊரார் அன்பே ஊன்றிய கால்.

ஆதலின் இரு சங்கத்தாரும் ஒருவர் ஊரில் ஒருவர் புகுவதையும், ஒருவர் குழுவை ஒருவர் கவர்வதையும் விடுத்து, தொடங்கிய பருவத்தை முடிக்கப் போதிய பொருளை முன்னரே வைப்பாகக் கட்டுவோர்க்கே குழு நடத்த இடமளிப்பாராக. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்னும் மொழி அவர்க்கும் பொருந்தும். களத்தில் எதிரியை வீழ்த்துவது வீரம். களத்திற்கு வெளியே அவ்வெதிரி அடுத்த வாரமும் வந்து ஆடுமாறு பார்த்துக்கொள்வதே இவ்வாணிபத்தின் விவேகம். அவ்விவேகம் உள்ள சங்கம் எதுவோ அதுவே, ஊர்தோறும் கோடையில் விளக்கேற்றிக் காத்திருக்கும் அவ்வரங்கங்களுக்கு உரியதாகும்.