ஒரு மாதக் கொப்பியும் ஒரு பிரிண்டரும்

வஹகோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தோனியார் கோயில்தான். ஜூன் மாதத் திருவிழாவுக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து சனம் வரும். திருவிழா முடிந்து பஸ்கள் போனபிறகு இது மாத்தளை மாவட்டத்தில் ஒரு சாதாரண கிராமம். இங்கே ஒரு தாள் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் கலேவெல டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். போனால் கடையில் கரண்ட் இருக்க வேண்டும், முதலாளி இருக்க வேண்டும், அவருடைய மெஷினில் இங்க் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைகிற நாள் நல்ல நாள்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறோம். பதினான்கு பிள்ளைகள். சிலர் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் எழுதப் போகிறவர்கள், மற்றவர்கள் ஓ/எல். எங்கள் பக்கம் சிங்களம் பேசுகிற வீடுகள்தான் கூட, தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறார்கள். சிங்களத்தில் என்றால் மாதிரி வினாத்தாள் புத்தகம் எந்தக் கடையிலும் தொங்கும். தமிழில் வேண்டுமென்றால் மாத்தளைக்குப் போய்த் தேட வேண்டும், இல்லையென்றால் நெட்டில் எடுக்க வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலும் தமிழில் எவ்வளவோ கிடக்கிறது. ஆனால் போனில் கிடக்கிற வினாத்தாளில் பத்து வயதுப் பிள்ளை விடை எழுதிப் பழக முடியாது. கொரோனா காலத்தில் வட்ஸ்அப்பில் பாடம் வந்தபோது அதைத்தான் பார்த்தோம். ஒரு போனை மூன்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, கணக்கைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடையில் இன்னொரு கரைச்சல் உண்டு. நிறைய சேர்மார் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வினாத்தாள் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உதிர்ந்து நிற்கும். தமிழ் தெரியாத கடைப் பையன் அதை அப்படியே இருபது பக்கம் அடித்துத் தருவான். அவனைக் குறை சொல்ல முடியாது, காசை மட்டும் கொடுத்துவிட்டு வர வேண்டும். பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோனால் இந்தப் பிரச்சினை வராது. எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். வீட்டில் பிரிண்டர் இருக்கிறதோ இல்லையோ, இதை எல்லோரும் செய்யலாம்.

சரி, ஒரு பிரிண்டர் வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். அங்கேதான் சண்டை தொடங்கியது. ஒருவர் லேசர் என்றார். ஒருவர் போட்டோ நல்லா வரணும் என்றார். இன்னொருவர் ஆகக் குறைந்த விலையில் எது இருக்கோ அது போதும் என்றார். எங்களில் மூத்த அக்கா ஒரு மோனிட்டர் கொப்பியை எடுத்து மேசையில் போட்டார். "ஒரு மாசத்துக்கு யார் எதைப் பிரிண்ட் எடுத்தாலும் இதில எழுதுங்க. பிறகு பேசுவோம்."

அது ஜனவரி மாதம். கொப்பி சொன்ன கணக்கு இது: மொத்தம் 486 பக்கம். வகுப்புக்கான தாள் 391. படிவம், கடிதம், சான்றிதழ்ப் பிரதி 74. பிள்ளைகளின் ஒப்படைக்கான நிறப் பக்கம் 12. போட்டோ 9. போட்டோ கொப்பி ஒன்று 10 ரூபா, பிரிண்ட் 20, கலர் 60, போட்டோ 50 என்று நாங்கள் கொடுத்த காசு 6,560 ரூபா. பஸ் காசு தனி. இரண்டு மணித்தியாலமாக நாங்கள் கத்திக்கொண்டிருந்தது போட்டோவைப் பற்றி, அதுவோ 486 இல் 9 தான்.

இந்தக் கணக்கு கையில் இருந்ததால் கடைக்காரர் காட்டிய முதல் மெஷினை வாங்காமல் வந்தோம். அது சின்ன கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் மெஷினை மலிவாகக் கொடுத்து, இங்கில் காசை எடுப்பதுதான் அந்த வியாபாரம். சில சின்னக் கார்ட்ரிட்ஜ்கள் சுமார் 180 பக்கம்தான் தரும். கார்ட்ரிட்ஜ் 4,500 ரூபா என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு இங்க் மட்டும் 25 ரூபா. கடையில் அடிப்பதை விட அது கூட!

அடுத்தது டாங்கி வைத்த பிரிண்டர், போத்தலில் இங்க் வாங்கி ஊற்றுவது. இதன் கதை எங்களுக்குப் பிடித்தது. இந்தோனேசியாவில் சனம் கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல், பிரிண்டருக்குப் பக்கத்தில் போத்தல்களைக் கட்டி, டியூப் போட்டு, தாங்களே இங்க் ஊற்றி ஓட்டினார்கள். அதைப் பார்த்த எப்சன் 2010 இல் டாங்கியோடு வந்த எல் வரிசைப் பிரிண்டரை முதலில் அந்த நாட்டிலேயே இறக்கியது. பிறகு கேனன், எச்பி, பிரதர் எல்லாம் அதே வழியில் வந்தன. எங்களைப்போலக் காசை எண்ணிப் பார்க்கிற சனம்தான் அந்தக் கொம்பனிகளுக்கு வழி காட்டியது.

கணக்கைப் பாருங்கள். எப்சன் எல்3250 போன்ற மெஷினுக்கு கறுப்புப் போத்தல் ஒன்றில் 4,500 பக்கம் என்று கொம்பனி சொல்கிறது. போத்தல் 3,000 ரூபா என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 67 சதம். 500 தாள் கட்டு 1,500 ரூபா என்றால் தாள் 3 ரூபா. ஆக மொத்தம் நாலு ரூபாவுக்குள். கொம்பனி சொல்கிற பக்கக் கணக்கு வீட்டில் அப்படியே வராது, அதை ஞாபகம் வைக்க வேண்டும். அது குறிப்பிட்ட மாதிரித் தாள்களைத் தொடர்ச்சியாக அடித்து எடுத்த கணக்கு. முதல் தடவை ஊற்றும்போது கொஞ்ச இங்க் குழாய்களை நிரப்பவே போய்விடும். இடையிடையே மெஷின் தன் தலையைக் கழுவவும் இங்க் குடிக்கும். பாதிதான் வரும் என்று வைத்தாலும் கார்ட்ரிட்ஜுக்குக் கிட்ட வராது. மெஷின் விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டும்தான். எங்கள் கொப்பிக் கணக்கில் மாதம் சுமார் 4,500 ரூபா மிச்சம், ஒரு வருடத்தில் மெஷின் விலை திரும்பிவிடும். மாதம் இருபது பக்கம் அடிக்கிற வீட்டுக்கு இது பொருந்தாது. அவர்கள் கடைக்கே போகலாம், அதில் வெட்கமில்லை.

லேசர் கேட்டவரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. லேசரில் இருப்பது தூள், திரவமில்லை. மூன்று மாதம் தொடாமல் வைத்தாலும் காயாது, அடைக்காது. எழுத்து கத்தி மாதிரி வரும், தண்ணீர் பட்டாலும் அழியாது. வெறும் வினாத்தாள் மட்டும் என்றால் கறுப்பு வெள்ளை லேசர்தான் சரி. ஆனால் அந்தத் தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்ட வைக்க வேண்டும். சூடேறுகிற நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். இங்க் பிரிண்டருக்கு ஒரு சின்ன பல்பின் கரண்ட் போதும். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை நாங்கள் மறக்கவில்லை. சின்ன இன்வெர்ட்டரில் ஓடக்கூடியது எது என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கலர் லேசர் எங்கள் கைக்கு எட்டாத விலை, அதில் போட்டோவும் அவ்வளவு அழகில்லை.

பிறகுதான் இங்க்கின் சாதியைப் பற்றித் தெரிந்துகொண்டோம். இரண்டு வகை. ஒன்று சாயம் முழுதாகக் கரைந்த இங்க். போட்டோத் தாளில் பளபளவென்று வரும், ஆனால் சாதாரணத் தாளில் ஈரம் பட்டால் கசியும். மற்றது நிறமித் துகள் கலந்த இங்க். தண்ணீரை நன்றாகத் தாங்கும், எழுத்து கருகருவென்று நிற்கும், ஆனால் இந்த மாதிரி வீட்டு மெஷின்களில் பளபளப்பான போட்டோத் தாள் அதற்குச் சரிவராது. எப்சனின் விலை குறைந்த டாங்கி மெஷின்கள் பலவற்றில் நாலு நிறமும் சாய இங்க். கேனன் ஜி வரிசையிலும் எச்பியின் டாங்கி மெஷின்களிலும் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமி, மற்ற மூன்றும் சாயம். போட்டோவே தொழில் என்கிறவர்களுக்கு எப்சன் எல்8050 போல ஆறு நிற மெஷின் இருக்கிறது. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்: "கறுப்பு இங்க் டையா, பிக்மென்ட்டா?"

கொப்பியில் இருந்த அந்த 74 பக்கம்தான் எங்களுக்கு இதைத் தீர்த்து வைத்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது வீடுகளில் இருந்த பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் சேறாகிப்போன குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். அந்த 74 பக்கத்தில் பாதிக்கு மேல் அவர்களுடைய கடிதமும் படிவமும்தான். ஒரு காரியாலயத்தில் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, சிங்களத்தில் நிரப்புங்கள் என்றார்கள். அதே படிவம் நெட்டில் தமிழில் இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். மழைக்குள் இடுப்பில் சொருகிக் கொண்டுபோகிற கடதாசி அது. எழுத்து கசியக் கூடாது. ஆகவே கறுப்பு நிறமி இங்க் உள்ள, ஸ்கேனும் கொப்பியும் சேர்ந்த டாங்கி மெஷின் என்று முடிவானது.

அப்படியானால் போட்டோ? ஒன்பதுதானே என்று தள்ளிவிட முடியவில்லை. அந்த ஒன்பதில் ஆறு, அல்பம் வெள்ளத்தில் போனவர்கள் கேட்டது. ஒரு அம்மாச்சி தன் வீட்டுக்காரரின் படம் கேட்டார். மிஞ்சியிருந்தது பேரனின் போனில் ஒரு கலியாண குரூப் போட்டோ, அதன் ஓரத்தில் தாத்தா. போட்டோவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 1200க்கு 1800 புள்ளி வேண்டும். இன்றைய எந்தப் போனும் அதைத் தரும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டொகியுமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டினால் 400க்கு 500 புள்ளிதான் தேறியது. பெரிதாக அடித்தால் முகம் கலங்கிப்போகும். 2க்கு இரண்டரை அங்குலத்தில் அடித்தோம். அம்மாச்சி கையில் வைத்துப் பார்த்தார். "சின்னதாத்தான் இருக்கு. பரவாயில்ல தம்பி, மணிபேக்ல வைக்கலாம்" என்றார்.

அது கடை மெஷினில் எடுத்தது. இப்போது எங்கள் மெஷினிலேயே நல்ல போட்டோத் தாள் போட்டு, அமைப்பில் தாளின் வகையைச் சரியாகத் தெரிவுசெய்து அடித்தால் குறைசொல்ல முடியாத படம் வருகிறது. தாளின் வகையை மாற்றாமல் அடித்துவிட்டுப் பிரிண்டரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். சாய இங்க் படம் வெயிலில் மங்கும், கண்ணாடிச் சட்டம் போட்டு நிழலில் மாட்டச் சொல்லுங்கள். சுவரில் பெரிதாக மாட்டுகிற படத்துக்கு நாங்கள் இன்னும் ஸ்டூடியோவுக்குத்தான் அனுப்புகிறோம். பாஸ்போர்ட், அடையாள அட்டைக்கான படத்தை வீட்டில் அடிக்க முடியாது, பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. வாரத்தில் ஒரு தடவையாவது ஒரு கலர்ப் பக்கம் அடியுங்கள், இல்லையென்றால் தலை அடைக்கும். கழுவின இங்க் போய்ச் சேர மெஷினுக்குள் ஒரு பஞ்சு இருக்கிறது. அது நிறைந்தது என்று கணக்கு வந்தால் மெஷின் நின்றுவிடும், பழுது என்று நினைத்து வீசிவிடாதீர்கள். சில மொடல்களில் அந்தப் பஞ்சுப் பெட்டியை நாமே மாற்றலாம், சிலவற்றில் சேவிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். எது என்று வாங்கும்போதே கேளுங்கள். மலிவான வேறு இங்க் ஊற்றலாமா என்றால், உத்தரவாதம் முடியும்வரை வேண்டாம்.

மெஷின் இப்போது அக்கா வீட்டு முன் அறையில் இருக்கிறது. பக்கத்துக்கு 5 ரூபா. தாளுக்கும் இங்குக்கும் போக மிஞ்சுவது ஒரு டின்னில் சேர்கிறது, பழுதுக்கு. வகுப்புப் பிள்ளைகளிடமும் சான்றிதழ் தொலைத்தவர்களிடமும் காசு எடுப்பதில்லை. அதில் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது, ஏனென்றால் டின் சில மாதம் நிரம்புவதில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது. ஒரு தாளும் சும்மா வருவதில்லை என்று ஒருவர் சொல்வார். அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்று மற்றவர் சொல்வார். கொப்பியில் இரண்டு பேரும் கணக்கை ஒழுங்காக எழுதுகிறார்கள். இப்போதைக்கு அது போதும்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் கடைக்குப் போக முதல் ஒரு கொப்பி வாங்குங்கள். 80 பக்கக் கொப்பி தாராளம்.