துடுப்பெடுக்குமுன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இலையுதிர் காலம் மரங்கள் விடைபெறும் காலம் மட்டுமன்று. அவை விழாக்கோலம் பூணும் காலமுமாகும். செப்டம்பர் இறுதியில் மேப்பிள் மரங்கள் செந்தழலாய்ச் சிவக்க, பிர்ச் மரங்கள் பொன்னிறம் கொள்ளும். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள அல்கொங்குயின் பூங்காவில், இக்காட்சியைத் தோணியிலிருந்து காண வேண்டும் என்பது ஒரே பங்கைச் சேர்ந்த நண்பர்கள் நால்வராகிய எங்களின் நெடுநாள் ஆசை.

1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அப்பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் உட்பகுதியில் ஏரிகளே பாதைகள். 'கனூ' எனும் ஒடுங்கிய தோணியில் துடுப்பு வலித்துச் செல்லவேண்டும். நீர் முடியுமிடத்தில் தோணியைத் தலைக்குமேல் கவிழ்த்து, தோளிற் சுமந்து, காட்டுவழியே அடுத்த ஏரியை அடையவேண்டும். எந்த இரவு எந்த ஏரிக்கரையில் தங்குவது என்பதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே பதிவு தொடங்கிவிடுகிறது. ஆகவே பாஸ்காக் காலத்திலேயே வரைபடத்தை விரித்து அமர்ந்தோம்.

முதலில் உணவைப் பற்றிப் பேசினோம். தகரப்பேணிகளுக்கும் கண்ணாடிப் போத்தல்களுக்கும் அங்கே தடை. அரிசியும் பருப்பும் போதும் என முடிவாயிற்று. கருவாடு வேண்டுமென்ற நண்பருக்கு, மோப்பம் பிடித்து வரும் கருங்கரடிகளை நினைவூட்டினோம். உணவுப் பொதியை இரவில் கூடாரத்துக்கு அப்பால் மரக்கிளையில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டுமாம்!

அடுத்து உயிர்காப்பு அங்கி. ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி தோணியில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அது உடலிலேயே இருக்கவேண்டும் என்பது எங்கள் தீர்மானம். எங்களுள் மூத்தவரை 'அண்ணர்' என்றே அழைப்போம். அறுபதைக் கடந்தவர், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடலில் வளர்ந்தவர். "கடலிலை கிடந்த எனக்கு இது என்னத்துக்கு?" என்று நகைத்தார். குளிர்நீரில் திடீரென வீழ்ந்தவன் தன்னையறியாமல் மூச்சை இழுத்து நீரை விழுங்குவான் என்பதையும், சில நிமிடங்களில் கைவிரல்கள் வலுவிழப்பதால் நல்ல நீச்சல்காரனும் மூழ்குவான் என்பதையும் எடுத்துரைத்தோம். அண்ணர் இணங்கினார்.

ஆனால் வழியைக் குறித்தபோதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. இளையவர்களாகிய நாங்கள் மூவரும் ஐந்து இடங்களில் தோணி சுமக்கவேண்டிய நீண்ட வழியைத் தெரிந்திருந்தோம். அண்ணர் படத்தை நெடுநேரம் நோக்கினார். "நீங்கள் போட்டு வாங்கோ, தம்பிமார். என்ரை முழங்கால் இதுக்குச் சரிவராது" என்றார். அறையில் அமைதி நிலவியது. உண்மையைச் சொன்னால், எங்கள் மனத்தில் ஒரு கணம் நிம்மதியும் தோன்றியது. அதை எண்ணி இன்றும் நாணுகிறோம்.

அப்போது நண்பர் ஒருவர் புனித ஜான் தெ பிரெபஃபை நினைவுகூர்ந்தார். இயேசு சபைக் குருவான அவர் 1634இல், இன்றைய பூங்காவுக்கு வடக்கேயுள்ள ஆறுகளின் வழியே ஹூரோன் மக்களிடம் சென்றார். அப்பயணத்தில் 35 முறை சுமைதூக்கிக் கரையேறியதாக எழுதியுள்ளார். பின்வரும் குருக்களுக்கென 1637இல் அவர் வகுத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை பெருந்தத்துவங்கள் அல்ல. தோணியில் ஏறும்போது பிறரைக் காக்கவைக்காதீர். அங்கியை உயர்த்திக்கொண்டு, நீரும் மணலும் உள்ளே வராமற் பாருங்கள். தொடர்ந்து வலிக்க மனமில்லாவிடில் துடுப்பைத் தொடாதீர் என்பன போன்ற சிறு செய்திகளே! 1649இல் மறைசாட்சியாக உயிர் ஈந்த அவர், அதற்கு முன்னரே சிறு காரியங்களில் பிறருக்காகத் தம்மை ஒடுக்கிக்கொள்ளக் கற்றிருந்தார்.

வரைபடத்தைத் திருப்பி வைத்து மீண்டும் தொடங்கினோம். கனூ ஏரியில் புறப்பட்டு ஜோ ஏரிக்குச் செல்வது; இடையே ஒரேயொரு சுமை வழி, 295 மீட்டர். இரண்டு இரவும் ஒரே கரையில் கூடாரம். தோணிகளை இளையவர்கள் சுமப்போம். அண்ணர் துடுப்புகளைக் கொண்டுவருவார்.

கனடாவில் அப்புனிதரின் விழா செப்டம்பர் 26. அந்நாளும் எங்கள் பயணத்துள் அடங்குகிறது. அன்றிரவு நெருப்பருகே செபமாலை சொல்வோம். ஞாயிறு திருப்பலிக்குமுன் வீடு திரும்புவோம். மழை பெய்யலாம், இலைகள் முன்னரே உதிர்ந்துவிடலாம். எனினும் ஒன்று உறுதி. தோணியைத் திசைதிருப்புபவர் பின்முனையில் அமர்பவரே. முதல் தோணியின் பின்முனை அண்ணருக்கென ஒதுக்கப்பட்டுள்ளது.