இலத்தீனின் பிள்ளைகளும் நீலமலை மொழிகளும்

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயிலில், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என நிலையங்கள் மாறுவதுபோல் மொழிகளும் ஏறி இறங்குகின்றன. தோட்டத் தொழிலாளரின் தமிழ் ஒரு பக்கம். கேத்திப் பள்ளத்தாக்கின் படுகு மறுபக்கம்.

தோடர்களை நேரில் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் ஓர் இத்தாலியர். மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் மறைந்து வாழ்கின்றனர் என்ற பேச்சை ஆராய, இயேசு சபைக் குரு ஜாக்கோமோ ஃபெனிசியோ 1603-இல் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்டு இங்கு வந்தார். கண்டதோ எருமை மேய்க்கும் தோடர்களையும் படகர்களையுமே. அந்நாளைய அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ், ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியர். ஃபெனிசியோ அறிக்கை எழுதியதோ போர்ச்சுகீசிய மொழியில்! இத்தாலியம், கத்தலான், ஸ்பானியம், போர்ச்சுகீசியம் யாவும் இலத்தீன் என்னும் ஒரே தாயின் மக்களே.

நாம் குருமடத்தில் மனப்பாடம் செய்த ஏட்டு இலத்தீன் அன்று அத்தாய். உரோமைப் படைவீரரும் வணிகரும் தெருவில் பேசிய இலத்தீன். ஐந்தாம் நூற்றாண்டில் மேலை உரோமைப் பேரரசு சரிந்து, போக்குவரவு குன்றியதும், மலைக்கு மலை பேச்சு வேறுபட்டது. ‘க்ளாவிஸ்’ என்ற சொல் இத்தாலியில் ‘கியாவே’, ஸ்பெயினில் ‘யாவே’. போர்ச்சுகீசியர் வழியே நம் வீட்டுக்கு வந்து ‘சாவி’ ஆயிற்று.

மாவுக்கு இலத்தீனில் ‘ஃபரினா’. இத்தாலியர் அதை அப்படியே காத்தனர். காஸ்தீலியர் நாவிலோ முதலெழுத்து ஹகரமாகி, பின்னர் அதுவும் தேய்ந்து ‘அரினா’ ஆனது. நம் மலையிலும் இதே கதைதான். தமிழில் ‘பால்’ என்பது, கன்னடத்துக்கு நெருங்கிய படுகில் ‘ஹாலு’. நம் ‘கண்’ கோத்தரிடம் ‘கண்’ணாகவே இருக்க, தோடரிடம் ‘கொண்’ ஆகிவிட்டது.

ஒரு பேச்சு பரவுவது அதன் இனிமையால் மட்டுமன்று. காஸ்தீலியப் பேச்சுக்கு அரசன் பத்தாம் அல்ஃபோன்சோ சட்ட நூல்களில் இடமளித்தான். 1492-இல் நெப்ரிகா இலக்கணம் எழுதினார். அதே ஆண்டு கொலம்பஸின் கப்பல் அமெரிக்கா சென்றது. தாந்தேயின் புளோரன்ஸ் பேச்சுக்கோ நெடுங்காலம் ஏடே அரியணை. 1861-இல் இத்தாலி ஒன்றானபோது அதைப் பேசியோர் சிறுபான்மையினரே. பள்ளியும் படையும் வானொலியும் தொலைக்காட்சியும் பிற்பாடு அதைப் பரப்பின.

தோட மொழிக்கு அரசுமில்லை, தனி எழுத்துமில்லை. பேசுவோர் இரண்டாயிரம் அளவினரே. 1930-களில் எமனோ என்ற அறிஞர் இங்கு தங்கி அவர்தம் பாடல்களைக் கேட்டு எழுதியதால் அவை ஏடேறின. எருமையையும் பால்மனையையும் சுற்றிப் பிறந்த சொற்கள் அவை. இன்று எருமை மந்தைகள் சிறுத்துவிட்டன. பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் படிக்கப் பள்ளிக்குச் செல்கின்றனர்.