மொரீஷியஸுக்குப் போன முருங்கைக் கீரை

பழக்கடையில் பச்சைத் தோலுடன் சீப்புச் சீப்பாகத் தொங்குகிறதே மோரிஸ் பழம், அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? மொரீஷியஸ் என்ற தீவின் பெயர்தான் நம் நாக்கில் புரண்டு புரண்டு ‘மோரிஸ்’ ஆயிற்று என்று சொல்வார்கள். அந்தப் பெயர் அங்கிருந்து இங்கே வந்தது இருக்கட்டும். இங்கிருந்து அங்கே எது எது போயிற்று, போனதில் எது மிஞ்சிற்று என்பது அதைவிடச் சுவாரஸ்யமான கதை. வாருங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

சென்னையிலிருந்து தென்மேற்காகச் சுமார் 4,500 கிலோ மீட்டர். இந்து மகாசமுத்திரத்தின் நடுவே, மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலை கக்கிய குழம்பு உறைந்து எழுந்த தீவு அது. பரப்பளவு 1,865 சதுர கிலோ மீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்! காலையில் வடக்கே புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெற்குக் கரைக்குப் போய்விடலாம்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்கு நேர் எதிர். மார்கழியில் நாம் வெந்நீர் போட்டுக் குளிக்கும்போது அவர்களுக்குச் சரியான கோடை. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயமும் உண்டு. நம் குழந்தைகளுக்கு விடுமுறை விடும் மே மாதமோ அங்கே இதமான காலம். எனவே கிளம்புவதாக இருந்தால் அப்போதே கிளம்புங்கள்.

தீவைப் பெரும்பாலும் பவழப் பாறைகள் அரண் போலச் சூழ்ந்திருக்கின்றன. அலைகள் தொலைவிலேயே அந்த அரணில் மோதி வெள்ளை நுரையாகச் சிதறிவிடும். உள்ளே கரையோரம் கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். இளம் பச்சை, மயில் கழுத்து நீலம், அப்புறம் கருநீலம் என்று வரிசையாக நிறம் மாறுவதைப் பார்த்தால், காஞ்சிபுரத்து நெசவாளர் யாரோ கரை போட்ட புடவையை விரித்து வைத்தாற்போல் இருக்கும். ஆனால் தெற்கே கிரி கிரி என்ற இடத்தில் இந்தப் பவழ அரண் அறுபட்டிருக்கிறது. அங்கே அலைகள் கறுப்புப் பாறைகளில் வந்து அறைகின்றன. அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குளிக்க இறங்கக் கூடாது.

முதலில் தலைநகரான போர்ட் லூயிஸுக்குப் போவோம்.

1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது இந்தத் தீவில் ஒரு குடி கூடக் கிடையாது. தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டியவர்கள் அவர்களே. அப்போது இங்கே இருந்த பிரஜை ஒரு பறவை: டோடோ. புறா இனத்தைச் சேர்ந்தது. ஆனால் பறக்கத் தெரியாது. பகை என்பதையே அறியாமல் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை மாதிரி, யாரைக் கண்டாலும் ஓடத் தெரியாமல் நின்றது. தரையில் முட்டையிட்டது. கப்பலில் வந்த எலிகளும் பன்றிகளும் குரங்குகளும் முட்டைகளைத் தீர்த்தன. காடுகளை மனிதர்கள் தீர்த்தார்கள். நூறு ஆண்டுக்குள் டோடோ இனமே பூண்டோடு அற்றுப் போயிற்று! இன்று அது நாட்டின் அரசு முத்திரையில் நிற்கிறது. கடைத்தெருவில் துணிப் பொம்மையாகத் தொங்குகிறது. உள்ளூர் அருங்காட்சியகத்திலோ எலும்புக்கூடாக இருக்கிறது. தொலைத்தபின் செய்யும் மரியாதைக்கு உலகத்தில் குறைவே இல்லை.

டச்சுக்காரர்கள் போய் 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1735இல் கவர்னராக வந்த லாபூர்தொனே துறைமுகத்தையும் நகரத்தையும் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் அழைத்துப் போனார். இன்றைய போர்ட் லூயிஸின் அஸ்திவாரத்தில் தமிழ்க் கை இருக்கிறது.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! அதற்கு ‘ஒப்பந்தக் கூலி’ என்று புதுப் பெயர் கண்டுபிடித்து, 1834 முதலே கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஆரம்பத்தில் மாதம் ஐந்து ரூபாய் கூலி. 1920க்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய துறைமுக முகப்புக்கு ஆப்ரவாசி காட் என்று பெயர். யுனெஸ்கோ 2006இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே பிரமாதமான கோபுரமோ மண்டபமோ எதிர்பார்க்காதீர்கள். கருங்கல் படிகள் சில, சுவர்கள் சில, வந்தவர்களைத் தங்க வைத்த கொட்டகையின் மிச்சம், அவ்வளவே. இடுப்பில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக ஒருத்தி இந்தப் படிகளில் ஏறியிருப்பாள். இனி ஊர்ப் பக்கம் போவோமா மாட்டோமா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. பெரும்பாலோர் போகவில்லை.

மூட்டையில் அவள் என்ன கொண்டு வந்தாள்? பதில் வேண்டுமானால் மார்க்கெட்டுக்கு வாருங்கள்.

போர்ட் லூயிஸின் காய்கறிச் சந்தையில் கிரியோல் பாஷை பேசுகிறார்கள். பிரெஞ்சு வார்த்தைகளை ஆப்பிரிக்க அடிமைகளும் மற்றவர்களும் பேசிப் பேசி உருவான மொழி அது. ஒன்றும் புரியாதே என்று தயங்க வேண்டாம். கீரைக் கட்டைக் காட்டி என்னவென்று கேட்டுப் பாருங்கள். ‘பிரெட் மூரூம்’ என்பார்கள். ‘பிரெட்’ என்றால் கீரை. ‘மூரூம்’? நம் முருங்கைதான்! பக்கத்துக் கூடையில் நீளமாக வரி வரியாக இருக்கும் காய் ‘பிப்பங்காய்’. அது பீர்க்கங்காய். தாளிப்பதற்கு வாங்கும் கொத்து ‘கரிபூலே’. கறிவேப்பிலையேதான். ‘ரசோன்’ என்பது ரசம். தக்காளியை வதக்கிச் செய்யும் ‘ருகாய்’ என்ற பதார்த்தத்தின் பெயர்கூட ஊறுகாயிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

தெரு ஓரத்தில் எண்ணெய்ச் சட்டியில் பொரிகிற ‘காத்தோ பிமான்’ பருப்பு வடைக்குச் சகோதரி முறை. சூடாக இரண்டு தின்றுவிட்டு மேலே நடங்கள். பருப்புப் பொடியை உள்ளே வைத்து மெல்லிசாக இடும் ‘தால் பூரி’ பீஹார்க்காரர்கள் கொண்டு வந்தது. இப்போது தீவுக்கே தேசிய உணவு. தமிழர் கோயில் விசேஷங்களில் வாழை இலை போட்டு ஏழு வகைக் கறி பரிமாறுகிறார்கள். கூடவே ரசோன், பாயசம்.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தச் சொற்களைக் காப்பாற்றிக் கொடுத்தது பள்ளிக்கூடமும் அல்ல, புலவர்களும் அல்ல. மொழி வீட்டை விட்டு மெல்ல மெல்ல வெளியேறியபோது, அது அடுப்பங்கரையில் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டது. ‘முருங்கைக் கீரையை ஆய்ந்து வை’ என்று அம்மா பெண்ணிடம் சொன்னாள். பெண் தன் பெண்ணிடம் சொன்னாள். வாக்கியம் கிரியோலாக மாறிவிட்டது. கீரையின் பெயர் மட்டும் மாறவில்லை.

போகட்டும், வடக்கே பாம்ப்லமூஸ் தோட்டத்தைப் பார்ப்போம். பெயரைக் கேட்டு மலைக்காதீர்கள், நம் ஊர்ப் பம்ப்ளிமாஸ்தான் அது! ஜாதிக்காயையும் கிராம்பையும் டச்சுக்காரர்களின் கட்டுக்காவலிலிருந்து கடத்தி வந்து, 1770ஆம் ஆண்டை ஒட்டி இங்கே நட்டவர் பியர் ப்வாவர். ‘ப்வாவர்’ என்றால் பிரெஞ்சில் மிளகு! பெயருக்கேற்ற வேலைதான் செய்திருக்கிறார். இங்கே குளத்தில் மிதக்கும் அமேசான் அல்லியின் இலைகள் ஓரம் மடித்த பெரிய தாம்பாளங்கள் போலிருக்கும். அதன் பூ முதல் நாள் வெள்ளை, மறுநாள் ரோஜா நிறம். பல பத்தாண்டு காத்திருந்து ஒரே ஒரு தடவை பூத்து, அத்தோடு ஆயுளை முடித்துக்கொள்ளும் தாளிப்பனைகளும் உண்டு.

அடுத்த நாள் தென்மேற்கு. வழியெல்லாம் கரும்பு. கரும்புக்கு நடுவே ஆங்காங்கே கறுப்புக் கற்குவியல்கள் நிற்கும். பயிரிடுவதற்காக எரிமலைக் கற்களைக் கையாலேயே பொறுக்கிக் குவித்தவை அவை. அவற்றுக்குப் பக்கத்தில் கல்வெட்டு எதுவும் கிடையாது. சற்று நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஷமரேல் என்ற ஊரில் ஏழு நிற மண் இருக்கிறது. எரிமலைப் பாறை மக்கி, இரும்பும் அலுமினியமும் கலந்த மண்ணாகிச் சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று அலை அலையாகக் கிடக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளிக் கடலோரத்தில் 556 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிமிர்ந்து நிற்பது லெ மோர்ன் மலை. எஜமானர்களிடமிருந்து தப்பிய அடிமைகள் அதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835இல் விடுதலைச் செய்தி சொல்லச் சிப்பாய்கள் ஏறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணிப் பலர் உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 2008 முதல் அந்த மலையும் உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த அடிமைகளின் வழி வந்ததே ‘சேகா’ ஆட்டமும் பாட்டும். அதற்கு வாசிக்கும் ‘ரவான்’ ஆட்டுத்தோல் போர்த்தியது. நம் ஊர்ப் பறையைப் போலவே, வாசிக்குமுன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள்!

இந்தப் பக்கத்து மலைக்காட்டில் அண்ணாந்து பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், மொரீஷியஸ் வல்லூறு கண்ணில் படும். 1974இல் காட்டில் இது எத்தனை இருந்தது தெரியுமா? நாலே நாலு! அவ்வளவுதான், டோடோவின் வழியே போகப் போகிறது என்று உலகம் கை கழுவிவிட்டது. ஆனால் விடாப்பிடியான சிலர் முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகளுக்கு இரை ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இன்று சில நூறு பறக்கின்றன. டோடோவுக்குத் தாயாதி முறையான இளஞ்சிவப்புப் புறாவும் 1990ஐ ஒட்டிப் பத்துக்கு இறங்கி, இப்போது நானூறைத் தாண்டியிருக்கிறது.

இழந்தது திரும்பாது. இருப்பது நாலே நாலாக இருந்தாலும், கவனித்தால் பிழைக்கும். இந்தத் தீவு இரண்டையும் பட்டு அறிந்திருக்கிறது.

அதனால்தான் 2020 ஜூலையில் ‘வாகாஷியோ’ என்ற கப்பல் தென்கிழக்கே பவழப் பாறையில் ஏறித் தட்டி, அடுத்த மாதம் எண்ணெய் கசியத் தொடங்கியதும் ஊர் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து, நீளநீளமான மிதவைகளாக்கிக் கடலில் இட்டார்கள். எண்ணெயை உறிஞ்சுவதற்கென்று பெண்கள் தங்கள் கூந்தலையே வெட்டிக் கொடுத்தார்கள். கோயிலுக்கு முடி கொடுக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கு அந்த மனசு புரியும். அந்தக் கரைக்கு எதிரே உள்ளதுதான் எக்ரெத் என்ற குட்டித் தீவு. 26 ஹெக்டேர் பவழக் கல்லில் பழைய கருங்காலிக் காடு மறுபடி தழைத்து வருகிறது. அங்கே ராட்சத ஆமைகள் நிதானமாக நடை பயில்கின்றன.

கடைசியாகக் கோயில்கள். கங்கா தலாவ் என்பது எரிமலை வாயில் ஊறிய ஏரி. மகா சிவராத்திரிக்குத் தீவின் நாலா பக்கமிருந்தும் நடந்தே வருகிறார்கள். காத்ர் போர்ன் ஊரை ஒட்டிய மலைச் சரிவில் முருகன் கோயில். தைப்பூசத்துக்கு அரசாங்க விடுமுறை. நமக்குத் தை மாதம் பனி. அவர்களுக்கு உச்சிக் கோடை. கொதிக்கும் தார் ரோட்டில், ரோஜா நிறப் புடவையும் பூக்காவடியுமாக வெறுங்காலோடு நடக்கிறார்கள். செம்பில் கொண்டு போகும் பால் சந்நிதி சேரும்வரை திரியக் கூடாது என்பது நம்பிக்கை. காவடி சுமப்பவர்களில் பலருக்குத் தமிழ் சரளமாக வராது. ஆனாலும் 1998இல், ரூபாய் நோட்டில் இந்திக்கு முன்னால் இருந்த தமிழ் எழுத்தைப் பின்னால் தள்ளி அச்சிட்டபோது அவர்கள் சும்மா இருந்தார்களா? கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ் தன் பழைய இடத்துக்கே வந்தது. பேச வராத மொழிக்காக இத்தனை பாடு!

மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையம் இருக்கிறது. கப்பலில் வந்தவர்களின் பதிவேடுகள் அங்கேதான் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பெயர், விட்டு வந்த ஊர். 1860களிலிருந்து சிலருக்குப் படமும் உண்டு. இன்றைக்கும் பேரன் பேத்திகள் வந்து, பிரெஞ்சு உச்சரிப்பில் உருமாறிப்போன தங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி, கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடுகிறார்கள். கடற்கரையையும் அருவியையும் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பகலை மோகாவுக்கும் ஆப்ரவாசி காட்டுக்கும் ஒதுக்கிவையுங்கள்.

அதுவரை வீட்டில் செய்வதற்கும் ஒரு காரியம் இருக்கிறது. இன்று மாலை கீரை ஆயும்போது பக்கத்தில் குழந்தையை உட்கார்த்தி வைத்துக்கொண்டு, இது முருங்கை, இது பீர்க்கு, இது கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுங்கள். அந்தச் சொல் எந்தக் கடலைத் தாண்டப் போகிறதோ, யார் கண்டது!