மாதச் சம்பளத்தில் கால்பந்து

செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலில் ஏறி, இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்தால் (காலை எட்டரை மணிக்கு அது நடக்காத காரியம்) மும்பையின் இன்னொரு முகம் தெரியும். குர்லா, சூனாபட்டி, வடாலாவைத் தாண்டியதும் ஸ்டேஷன் பெயர்களிலேயே சரக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது: காட்டன் கிரீன், டாக்யார்ட் ரோடு. கிடங்குகள், துருப்பிடித்த தகரக் கூரைகள், நீண்ட மதில்கள். மதிலுக்கு அப்பால் கடல் இருக்கிறது. ஆனால் கண்ணில் படுவதில்லை.

இந்த வரிசையில் பெரும்பகுதி நிலம் துறைமுகத்துக்குச் சொந்தம். 1873-இல் பம்பாய் போர்ட் டிரஸ்ட் என்ற பெயரில் உருவான நிர்வாகம், 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மும்பை துறைமுக ஆணையம். பெயர் மாறினாலும் அரசுச் சொத்துதான். கையிருப்பு நிலம் 1,800 ஏக்கருக்கும் மேல். தாராவியைப் போல இரண்டு மூன்று தாராவிகளை இதற்குள் வைத்துவிடலாம்.

தமிழர்களுக்கு இந்தத் துறைமுகம் அறிமுகமானதென்னவோ வேறு வழியில். ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்து இங்கே சுமைகூலியாகத் தொடங்கிய ஹாஜி மஸ்தானும், தாராவியிலும் மாதுங்காவிலும் கொடி நாட்டிய வரதராஜ முதலியாரும் கதைகளாகிவிட்டார்கள். 1987-இல் 'நாயகன்' வந்த பிறகு, பம்பாய்த் துறைமுகம் என்றால் இருட்டு, மழை, கடத்தல் சரக்கு என்றே தமிழ் ரசிகன் முடிவு செய்துவிட்டான். துறைமுகம் வெளிச்சத்தில் செய்த வேலைகள் படமாகவில்லை. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், வடாலாவில் ஊழியர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி. அந்தப் பட்டியலில் ஒரு கால்பந்து அணியும் உண்டு.

மும்பைக் கால்பந்து நெடுங்காலம் ஆபீஸ்களின் ஆட்டமாகவே இருந்தது. 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையில் முதலில் பட்டாளத்து அணிகளின் ராஜ்யம். 1902-இல் தொடங்கிய ஹார்வுட் லீகில் பிற்காலத்தில் ரயில்வே, சுங்க இலாகா, வங்கிகள், போலீஸ், துறைமுகம் என்று சம்பளப் பட்டியல் வைத்திருந்தவர்களெல்லாம் அணி வைத்தார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியரான நெவில் டிசோசாவும் டாடா அணிக்கு ஆடியவர்தான். சென்னையிலும் இதே ஏற்பாடுதான். இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை போய் ஆடியது.

இதில் முதலீடு என்று எதைச் சொல்வது? வீரனை விலைக்கு வாங்குவதில்லை. வேலை கொடுப்பார்கள். மத்திய அரசுப் பணிகளில் குரூப் 'சி' நேரடி நியமனங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கலாம் என்பது விதி. பொதுத்துறை நிறுவனங்கள் தத்தம் வழியில் இதையே செய்தன. காலையில் பயிற்சி, பிறகு மேஜை, போட்டி நாட்களில் சிறப்பு விடுப்பு. துறைமுகங்களுக்குத் தமக்குள்ளேயே தனிப் போட்டிகளும் உண்டு. முப்பத்தைந்து வயதில் முழங்கால் கைவிட்டாலும் மேஜை கைவிடாது. கடைசியில் பென்ஷன்.

தாராவியின் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் அவர்கள். அன்றாடக் கூலியில் வளர்ந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு 'பர்மனென்ட்' வேலை கிடைப்பது தலைமுறையையே திருப்பிப் போடும் சம்பவம். ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள மாதுங்காவில் இதே கனவுக்கு வேறு பாதை இருந்தது: படிப்பு. 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி, அப்புறம் டைப்ரைட்டிங், வங்கித் தேர்வு. செம்பூரில் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தித் துறையும் குடியிருப்புகளோடு வேலை தந்தன. படிப்பு ஏறாத பையனுக்குக் கால் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்ட சில அலுவலகங்களில் துறைமுகமும் ஒன்று.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் சரியவில்லை. 1982 வேலைநிறுத்தத்தோடு பஞ்சாலைகள் சரிந்தன. 1989-இல் கடலுக்கு அக்கரையில் நவ சேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறந்தது. கன்டெய்னர்கள் அங்கே போயின. பழைய துறைமுகத்தில் ஆள் குறைப்பும் விருப்ப ஓய்வுமே பேச்சாயிற்று. ஆளெடுப்பே இல்லாத இடத்தில் வீரர் ஒதுக்கீடு எங்கிருந்து வரும்?

எஞ்சியதைக் கால்பந்தின் புதிய விதிகள் முடித்துவைத்தன. 2005-06-இல் தேசிய லீகை வென்ற மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. அது தனியார். 2013-இல் மும்பையின் இரண்டு பொதுத்துறை அணிகளான ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஐ-லீகிலிருந்து நீக்கப்பட்டன. கிளப் உரிம நிபந்தனைகளை அவை பூர்த்தி செய்யவில்லை என்பது காரணம். அரசு நிறுவனத்தின் ஓர் இலாகாவாக இயங்கும் அணி, தனிக் கம்பெனியாகவும் தன் வருமானத்தைத் தானே தேடிக்கொள்வதாகவும் இருக்க வேண்டும் என்றால் திணறத்தான் செய்யும்.

அரசுத் துறைமுகம் என்றால் பெரிய கால்பந்து முடியாதா? ஷாங்காய் வேறு பதில் சொல்கிறது. உலகிலேயே அதிக கன்டெய்னர்களைக் கையாளும் அந்தத் துறைமுகத்தை நடத்துவது அரசுக் கட்டுப்பாட்டிலுள்ள ஷாங்காய் இன்டர்நேஷனல் போர்ட் குரூப். நகரின் ஒரு கால்பந்து கிளப்பை அது 2014 வாக்கில் எடுத்துக்கொண்டது. 2016-இல் பிரேசிலின் ஹல்க் வந்தார். அடுத்து செல்சியிலிருந்து ஆஸ்கார். அவருக்குக் கொடுத்ததாகச் செய்திகள் சொன்ன தொகை 6 கோடி பவுண்டு, அன்றைய மதிப்பில் சுமார் 500 கோடி ரூபாய். 2018-இல் லீக் பட்டம் வந்தது. பிறகு சீனாவில் சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டார்கள். கிளப் பெயர்களிலிருந்து கம்பெனிப் பெயர்களை நீக்கச் சொன்னார்கள். 2020-இல் பட்டம் வென்ற ஜியாங்சு அணி சில மாதங்களிலேயே இழுத்து மூடப்பட்டது. ரியல் எஸ்டேட் பணத்தில் கொழித்த குவாங்சோவும் 2025 தொடக்கத்தில் மறைந்தது. துறைமுக அணி மட்டும் 2023, 2024 பட்டங்களையும் வென்றது. மனைவிலை விழுந்தாலும் கப்பல் வருவது நிற்பதில்லை.

மும்பைக்கும் பெரும் பணம் வராமலில்லை. 2014-இல் பிறந்த மும்பை சிட்டி அணியின் 65 சதவீதப் பங்கை, அபுதாபி அரச குடும்பத்துப் பணத்தில் இயங்கும் சிட்டி ஃபுட்பால் குரூப் 2019-இல் வாங்கியது. கோப்பைகள் வந்தன. ஆனால் இந்திய லீகின் எதிர்காலமே கேள்விக்குறியான நிலையில், 2025 இறுதியில் அந்தக் குழுமம் தன் பங்கை விட்டுவிட்டு வெளியேறியது. வெளியூர்ப் பணத்துக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. தாராவிப் பையனுக்கு?

ஷாங்காயைக் காப்பியடிக்க மும்பைத் துறைமுகத்திடம் பணம் கிடையாது. தேவையும் இல்லை. பாங்காக் போதும். தாய்லாந்துத் துறைமுக ஆணையம் 1967-இல் தொடங்கிய அணி, ஆணையத்தின் ஸ்டேடியத்திலேயே ஆடி வளர்ந்தது. சுற்றிலும் கிளாங் தோய்: பாங்காக்கின் தாராவி என்றே சொல்லலாம். குடிசைகள் இருப்பதும் துறைமுக நிலத்தில்தான். வீட்டுமனைக்காக ஆணையத்தோடு மல்லுக்கு நிற்கும் அதே ஜனங்கள் ஆட்ட நாளில் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். துறைமுகம் அங்கே கொடுத்தது பெயரும் மைதானமும்.

மும்பையில் இல்லாததும் அதுதான். தாராவியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத சந்துகள் உண்டு. மறுசீரமைப்புத் திட்டம் 2022-இல் அதானி குழுமத்துக்குப் போனதிலிருந்து, யாருக்கு வீடு, எங்கே வீடு என்பதே பெரிய கேள்வி. விளையாட்டுத் திடலைக் கேட்க யாருக்கும் அவகாசமில்லை.

சில கிலோமீட்டர் கிழக்கே மதில்களுக்குப் பின்னால் அந்த 1,800 ஏக்கர். அதை நகரத்துக்குத் திறந்துவிடுவது பற்றி ஆராய 2014-இல் ராணி ஜாதவ் தலைமையில் ஒரு குழுவே போட்டார்கள். அதற்குப் பிறகும் திட்டங்கள் வரையப்படுகின்றன. வரைபடங்களில் பூங்கா, படகுத்துறை, உலாவுமிடம் எல்லாம் உண்டு. துறைமுகம் இனி ஆயிரக்கணக்கில் வேலை கொடுக்கப் போவதில்லை. மேஜையும் பென்ஷனும் போனவை போனவைதான். கொடுக்கக்கூடியதாக அதனிடம் மிஞ்சியிருப்பது நிலம். இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்ட நான்கைந்து திடல்களுக்கு அதில் ஒரு மூலை போதும்.