வயரிங் ஒருவர், கையெழுத்து இன்னொருவர்

புதுசாக வீடு கட்டி முடித்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சிமெண்ட் மூட்டை என்ன விலை, கொத்தனார் எத்தனை நாள் வராமல் இழுத்தடித்தார், டைல்ஸ் எவ்வளவு வேஸ்ட் ஆச்சு என்று பைசா சுத்தமாகக் கணக்கு சொல்வார். "வயரிங் யார் செஞ்சது?" என்று கேட்டால் உள்ளூர் வயர்மேன் அண்ணன் ஒருவரின் பெயர் வரும். நல்ல மனுஷன், சொன்ன நேரத்துக்கு வருவார், போன் போட்டால் எடுப்பார். ஆனால் மீட்டர் கனெக்‌ஷனுக்குக் கொடுத்த பேப்பரில் இருக்கும் கையெழுத்து அந்த அண்ணனுடையது அல்ல. அதில் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் ஒருவரின் பெயரும் சீலும் இருக்கும். அவர் அந்த வீட்டு வாசலை மிதித்திருக்கவே மாட்டார்.

எல்லா வீட்டிலும் இப்படி என்று இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் நடப்பதுதான், யாரும் இதை ஒரு தப்பாகவே நினைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி என்று ஒன்று இருந்தது. மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், அதுவும் தகுதிச் சான்று உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இது அப்படியே தொடர்ந்தது. 2023-ல் அந்த ஒழுங்குமுறைகள் புதுப்பிக்கப்பட்டபோதும் போகவில்லை. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரி சமாச்சாரங்களைக் கழற்றி மாட்டுவதற்கு விலக்கு உண்டு. (பல்பு மாற்ற லைசென்ஸ் கேட்டால் நாடு தாங்காது!) புது வயர் இழுப்பதற்கு விலக்கு கிடையாது.

தமிழ்நாட்டில் இந்த உரிமத்தைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். சென்னை கிண்டியில், திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. மின்சாரம் விற்கும் வாரியத்துக்கும் இதற்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வாரியம் 2010-ல் பிரிந்து டான்ஜெட்கோ ஆகி, 2024-ல் இன்னொரு முறை பிரிந்து மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டது. ஜனங்களுக்கு இன்றைக்கும் அது 'ஈபி ஆபீஸ்'தான். காண்ட்ராக்டர் லைசென்ஸில் ஈஏ, ஈஎஸ்ஏ, ஈபி, ஈஎஸ்பி என்று வகைகள் இருக்கின்றன. (இந்த ஈபிக்கும் அந்த ஈபி ஆபீசுக்கும் சம்பந்தமில்லை :-) ) எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்பது வகையைப் பொறுத்தது.

காண்ட்ராக்டருக்குக் கீழே ஆட்களுக்குத் தனியாகச் சான்றிதழ்கள் உண்டு. உதவியாளருக்கு 'எச்', வயர்மேனுக்கு 'பி', சூப்பர்வைசருக்கு 'சி'. லைசென்ஸ் வேண்டுமென்றால் இப்படிச் சான்று பெற்றவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். ஒருவருடைய சான்றை ஒரே சமயத்தில் இரண்டு லைசென்ஸில் காட்ட முடியாது. மெக்கர், எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். பேங்கிலிருந்து சால்வென்சி சர்ட்டிஃபிகேட் வேறு.

இங்கேதான் காமர்ஸ் பாடம் உள்ளே வருகிறது. லைசென்ஸுக்குக் கட்டும் ஃபீஸைப் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். ஃபீஸ் எப்போதாவது கட்டுவது. மாதாமாதம் கழுத்தைப் பிடிப்பது சம்பளம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். சூப்பர்வைசருக்கு 20,000, வயர்மேன் இரண்டு பேருக்கு ஆளுக்கு 18,000, உதவியாளருக்கு 12,000 என்று வையுங்கள். மொத்தம் 68,000. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது போகும், காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிக்கிற அதே ஃபிக்ஸட் காஸ்ட். இந்தப் பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்று. வயரிங் கூலி பாயிண்ட் கணக்கில்தான் பேசுவார்கள். 60 பாயிண்ட், பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 18,000. ஆக சம்பளம் கொடுக்க மட்டுமே மாதத்துக்கு இப்படி நாலு வீடு வேண்டும். ஆபீஸ் வாடகை, வண்டி, தன் லாபம் எல்லாம் அதற்கு மேல். சின்ன வீடுகளை நம்பி லைசென்ஸ்காரர் எப்படிப் பிழைப்பார்? அவர் ஃபேக்டரி, அபார்ட்மெண்ட், அரசு டெண்டர் என்று போய்விடுகிறார். சின்ன வீடு வயர்மேன் அண்ணன் கைக்கு வருகிறது.

ஆனால் அந்த வீட்டுக்கும் கனெக்‌ஷன் வாங்க லைசென்ஸ்காரரின் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டுமே. அண்ணனிடம் சீல் இல்லை. காண்ட்ராக்டருக்கோ ஒரு கையெழுத்துப் போடக் கூடுதலாக ஆகும் செலவு பேனா மை மட்டும். என்ன கொடுத்தாலும் முழுசும் லாபம். இப்படித்தான் மேற்பார்வை என்ற சரக்கு போய், கையெழுத்து என்ற சரக்கு கடைக்கு வந்தது. பேராசை என்று ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போகலாம், கணக்கைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் திட்ட வரவில்லை.

ஜிஎஸ்டியும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டும்போது வெறும் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் என்றால் வரி விலக்கு. சாமானும் சேர்த்து எடுத்தால் அது ஒர்க்ஸ் காண்ட்ராக்ட், பதிவு செய்த காண்ட்ராக்டர் பொதுவாக 18 சதவீதம் போட வேண்டும். அதனால் வீட்டுக்காரர் 90 மீட்டர் காயில் காயிலாக வயரைத் தானே கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலியைத் தனியாகப் பேசிக்கொள்கிறார். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வேலை முழுசுக்கும் பொறுப்பு என்று சொல்ல ஒருத்தரும் மிஞ்சுவதில்லை.

சரி, லைட் எரிகிறது, ஃபேன் சுத்துகிறது. அப்புறம் என்ன குறை?

பைப்புக்குள் வயரை இழுக்கும்போது ஏதாவது ஒரு வளைவில் மேல் உறை கீறிக்கொள்ளலாம். கீறின வயரிலும் பல்பு ஜோராக எரியும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, மெக்கருக்குத் தெரியும். 500 வோல்ட் டிசியை ஒரு நிமிடம் கொடுத்து, கரண்ட் போகும் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் குறைந்தது 1 மெகா ஓம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டுக்கே வராதவர் அந்தக் கட்டத்தில் ஒரு நம்பரை எழுதுகிறார். எர்த் அளவும் அப்படியே. சுவிட்ச் போர்டில் மூணாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் பச்சை வயரும் இருக்கும், அது குழிக்குள் இருக்கிற கம்பி வரைக்கும் போகிறதா என்று யார் பார்த்தது? சில வருஷம் கழித்து ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிற அம்மாவுக்கு அதற்கான விடை தெரியவரும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மெயின் போர்டில் இருந்தால் அந்த நேரத்தில் சட்டென்று கரண்டைத் துண்டிக்கும். சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். மாடுலர் சுவிட்சுக்கு அதைவிடப் பல மடங்கு செலவு செய்கிறவர்கள் இதில்தான் பேரம் பேசுகிறார்கள். அதன் முகத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும், விழவில்லையென்றால் மாற்ற வேண்டும். மெக்கரும் அப்படித்தான். வேலை முடிகிற அன்றைக்குக் கொண்டு வந்து வைத்து அளந்து காட்டச் சொன்னால் வீடு முழுக்க ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கையெழுத்துக்குக் கொடுக்கிற காசுக்கு இந்த ஒரு மணி நேரத்தையாவது கேட்டு வாங்கலாம்.

வயர்மேன் அண்ணனுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடத்துகிறது. ஐடிஐயில்தான் நடக்கும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங்கில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு பேப்பரில் ஒரு ஓரமாக வரும். பாஸ் பண்ணினால் 'எச்' சான்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

20 வருஷம் வீடு வீடாக வயர் இழுத்தவருக்கு 5 வருஷ அனுபவம் என்பது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அந்த 20 வருஷமும் பேப்பரில் வேறொருவர் பெயரில் இருக்கிறது. சான்று எழுதித் தரச் சொல்லி அவர் போய் நிற்க வேண்டிய இடம், இத்தனை நாள் சீல் போட்டுக்கொடுத்த அதே காண்ட்ராக்டரின் ஆபீஸ்தான்.