அலைக்கு அஞ்சிய பிள்ளைகள்

'பயப்படாதே, ஒன்றும் ஆகாது.' நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி கூறும் ஆறுதல் மொழி இது. அன்பினால் எழும் சொல்தான், ஐயமில்லை. ஆயினும், அஞ்சி நிற்கும் பிள்ளையின் செவியில் அது 'உன் அச்சத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை' என்று ஒலிக்கக்கூடும். இதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய பேரலைகள், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து மீனவர் குடியிருப்புக்குள்ளும் பாய்ந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கடலைத் தாயென்று கேட்டு, அதன் கரையிலேயே விளையாடி வளர்ந்த பிள்ளைகள் பலர் அதன் பெயரைக் கேட்டாலே நடுங்கினர். பெற்றோரின் நிலையோ இன்னும் கடினம். பிள்ளை அஞ்சும் அதே கடலுக்குள் தந்தை மீண்டும் வலையோடு போயாக வேண்டும். 'ஒன்றும் ஆகாது' என்னும் சொல் அங்கே பொருளற்றுப் போயிற்று. ஆகிவிட்டதைப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டிருந்ததே!

அந்நாள்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், தமிழகக் கடலோர ஊர்களில் உளநலப் பணிக்கெனத் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. பிள்ளைகளைப் படம் வரையவும் விளையாடவும் மனம்விட்டுப் பேசவும் விடுதல் அத்தகைய பணியில் சிறப்பிடம் பெற்றது. அறிவுரைக்கு முன்னே செவி வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

பிள்ளை உணர்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் செல்லம் மிகுந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். உளவியலறிஞர் ஹைம் ஜினாட், பெற்றோருக்காக 1965இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தெளிவான வழி காட்டினார்: உணர்ச்சிகளை ஏற்கலாம், செயல்களுக்கு வரம்பு வேண்டும். தம்பியின்மீது சினம் கொள்வது குற்றமன்று. அவனை அடிப்பதைத் தடுத்தாக வேண்டும். 'உனக்குக் கோபம் வந்திருக்கிறது, தெரிகிறது. ஆனால் அடிக்கக் கூடாது' என்று கூறும் தாய் இரண்டையும் ஒருசேரச் செய்கிறாள்.

'அப்பா, கடல் மறுபடியும் உள்ளே வருமா?' என்று மகள் கேட்டால் தந்தை என்ன சொல்லலாம்? 'அதை நினைத்தால் பயமாக இருக்கிறதாம்மா? அன்றைக்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது' என்று தொடங்கலாம். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருக்கலாம். விளக்கம் அதற்குப் பிறகு. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குவதையும், எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு வழியாக வெளியேறுவது என்பதையும் அப்போது சொல்லலாம். பொய்யான உறுதிமொழியைவிட, உடன் நிற்கும் உண்மையே பிள்ளைக்குத் துணிவு தரும்.

அன்றைய சிறுவர் இன்று தாய் தந்தையர். அவர்களுடைய பிள்ளைகளின் துயரங்கள் வேறு: கணக்குத் தேர்வு, பேச மறுத்த தோழி, இறந்துபோன கோழிக்குஞ்சு. நம் கண்ணுக்கு அவை சிறியவை. தாங்கும் பிள்ளைக்கோ பெரியவை. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளை ஏதேனும் சொல்லத் தொடங்கினால், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, முடியும்வரை கேட்போமா?